உப்புக்காற்று ஊரில் உளிகளுக்கு ஒரு கேன்வாஸ் சுருட்டுப் பை: மூன்று வருட அனுபவம்

என்னிடம் இருக்கும் ஒரு அங்குல உளியின் தட்டைப் பக்கத்தில், வாயை ஒட்டி, ஊசியால் குத்தின மாதிரி ஏழு புள்ளிகள் இருக்கின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்த உளியால் வேப்பம்பலகையில் ஒரு சீவல் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். வழுவழு என்று இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை போலக் கோடு விழும். சரிவுப் பக்கத்தில் துரு பிடித்தால் கவலையில்லை, தீட்டத் தீட்ட அது போய்விடும். தட்டைப் பக்கத்தில் குழி விழுந்தால் அப்படியில்லை. வாய் தேய்ந்து தேய்ந்து பின்னால் போகும்போது ஒவ்வொரு குழியும் முறை வைத்து வாய்க்கு வரும், வந்த இடத்தில் கூரில் ஒரு பல் விடும். கண்ணாடி மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். பதினேழில் பத்துப் புள்ளிகள் போயின, ஏழு நின்றுவிட்டன.

அந்தப் புள்ளிகள் வந்தது வேலையால் அல்ல. உளியைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நான் வாங்கின தோல் பையால் வந்தது.

உளிகள் என் பெரியப்பாவுடையவை. தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்த ஆசாரி அவர். ஒன்பது உளிகள், கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை. இரண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர் முத்திரை இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது. நான் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மரவேலை எனக்கு ஆசைக்கு ஆரம்பித்து, இப்போது தினமும் மூன்று மணி நேரம் என்று ஆகிவிட்டது. உளிகள் கைக்கு வந்தபோது ஒன்றில்கூடத் துரு கிடையாது. அவர் அவற்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பனையோலைப் பெட்டியில் போட்டு, அடுப்படிப் பரணில் வைத்திருந்தார். நான் அந்தப் பெட்டியைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, 2021 ஐப்பசியில் ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு, பாய் மாதிரி சுருட்டிக் கட்டுகிற ஒரு தோல் சுருட்டுப் பை வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. செம்பழுப்புத் தோல், பித்தளை பக்கிள், ஒவ்வொரு உளிக்கும் ஒரு அறை. அடைமழை முடிந்து தை மாதம் திறந்து பார்த்தபோது, தோல் தொட்ட இடம் மட்டும் அளவெடுத்த மாதிரி கறுத்து, அதற்குள் செம்புள்ளிகள்.

காரணம் யோசித்தால் எளிது. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும். நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுகிற தோலும் அப்படித்தான். துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை வருகிறது அல்லவா? ஈரத்தோடு துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அதே வேலைதான் பைக்குள்ளும் நடக்கிறது. போதாக்குறைக்கு, தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. தைத்தவர் கை நல்ல கை, தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த காற்று அடிக்கிற உள்நாட்டு ஊரில், தினமும் எடுத்து வேலை செய்கிறவருக்கு அது ஒத்துவரலாம். ஒரு பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலும் இருக்கிற ஊரில், மூடி வைத்துவிட்டு மூன்று மாதம் திறக்காமல் இருந்தவனுக்கு அது சரிப்படவில்லை.

அப்புறம்தான் பழைய துறைமுகம் பக்கம் இருக்கிற ஒரு தார்பாலின் கடைக்குப் போனேன். லாரிக்குப் படுதா, தோணிச் சரக்குக்கு மூடாப்பு, பந்தலுக்குக் கூரைத் துணி எல்லாம் தைக்கிற கடை. தரையோடு தரையாக ஒரு பெரிய மெஷின், அதைச் சுற்றி மலை மாதிரி துணி. 2023 பொங்கல் கழிந்த வாரம் அது. ஒரு உளியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

முதலில் நான் கேட்டது ரெக்சின். தண்ணீர் இறங்காது, துடைத்தால் போதும் என்று நினைத்தேன். கடைக்காரர் உளியை வாங்கி விரலால் அதன் வாயைத் தடவாமல், நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். இரும்போடு பழகின கை என்று அதிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, ரெக்சின் வேண்டாம். ஈரத்தைக் குடிக்கிற துணிய வெயில்ல போட்டா குடிச்சத விட்டுரும். குடிக்காத துணி உள்ள போனத வெளிய விடாது. உப்பு மூட்டைய பிளாஸ்டிக்ல மூடிப் பாருங்க, அடியில தண்ணி நிக்கும்."

இந்த ஒரு பேச்சுக்காகவே அந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். முப்பது வருஷம் பேனல் போர்டுகளுக்குள் வியர்த்து வழிகிற தண்ணீரைத் துடைத்தவன் நான். அவர் சொன்னது எனக்குத் தெரிந்த விஷயம்தான், பைக்கு வரும்போது மட்டும் மறந்துபோயிருந்தேன்.

கடையில் பச்சை, காக்கி நிறத்தில் மெழுகு போட்ட லாரித் துணி இருந்தது. அதையும் வேண்டாம் என்றேன். மழை இறங்காமலும் துணி இற்றுப்போகாமலும் இருக்க அதில் என்னென்ன மருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்று கடைக்காரராலேயே சொல்ல முடியவில்லை. இரும்பை மாதக்கணக்கில் ஒட்டி வைக்கப்போகிற துணியில் அப்படி எதுவும் இருக்கக் கூடாது. கடைசியில் சாயம் ஏற்றாத கோரா கேன்வாஸ், சதுர கெஜத்துக்கு 14 அவுன்ஸ் எடை, முழுப் பருத்தி. அதைத் தைக்கும் முன் வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது ஈரத்தை இழுக்கும். தவிர, துணி சுருங்குவதானால் தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிட வேண்டும். சுருங்கத்தான் செய்தது, மீட்டருக்கு மூன்று விரல்கடை. அலசாமல் தைத்திருந்தால் முதல் துவைப்பிலேயே அறைகள் இறுகிப்போயிருக்கும்.

இனி பையைப் பற்றி. விரித்தால் ஏறக்குறைய மூன்று அடி நீளம், ஒன்றே முக்கால் அடி உயரம். பன்னிரண்டு அறைகள். எல்லா அறையும் ஒரே அகலம் இல்லை. ஒவ்வொரு உளியையும் துணி மேல் படுக்கவைத்து, இருபுறமும் ஒரு விரல் அகலம் விட்டுப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். உளியின் வாய் கீழே, பிடி மேலே. மேலே ஒரு மடிப்பு வந்து பிடிகளை மூடும். மடித்துச் சுருட்டிக் கட்ட இரண்டு நாடா.

வாய் மேலே இருக்கிற மாதிரி தைக்கும் வழக்கமும் உண்டு. எந்த உளி எது என்று பார்த்து எடுக்கலாம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் கை போகிற இடத்தில் தீட்டின வாய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாய் கீழே இருந்தால் வேறு ஒரு பிரச்சினை வரும். பையை நட்டமாகத் தூக்கும்போதெல்லாம் உளியின் எடை முழுவதும் கூர் மேல் இறங்கி அடித்துணியை அறுக்கும். தோல் பையில் அரை அங்குல உளி ஒரே மாதத்தில் அடித்தையலை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

இதற்குக் கடைக்காரர் செய்த கைவேலைதான் இந்தப் பையின் சிறப்பு. லாரியில் லோடு இழுத்துக் கட்டுகிற நைலான் பட்டை இருக்கிறதே, இரண்டு அங்குல அகலத்தில் சொரசொரவென்று, அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து எல்லா அறைகளுக்கும் அடியில் ஓடவிட்டுத் தைத்துவிட்டார். உளியின் வாய் துணியைத் தொடுவதே இல்லை, மடித்த பட்டையின் பள்ளத்தில் போய் உட்காருகிறது. நைலான் ஈரம் குடிப்பதும் குறைவு. மூன்று வருஷம் கழித்துப் பட்டையின் உள்பக்கத்தை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு உளியும் நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு கீறல், சில இடத்தில் நூல் பிசிர் எழுந்திருக்கிறது. ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை. நாலைந்து ஆயிரம் ரூபாய் விலை சொல்கிற பைகளிலும் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பையை நிஜமாகச் சோதித்தது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம்தான். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். சுருட்டுப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி நனைந்துவிட்டது. மனிதர்களையும் அரிசி மூட்டையையும் மாடிக்கு ஏற்றுகிற நேரத்தில் உளி யாருக்கு ஞாபகம் இருக்கும்? மூன்றாம் நாள்தான் கை அதற்குப் போனது. ஒன்பது உளியில் ஆறில் நான் மெழுகு பூசியிருந்தேன். மூன்றை முந்தின நாள் வேலை முடிந்து துடைக்காமல் அப்படியே செருகியிருந்தேன். அந்த மூன்றும் செம்மண் பூசின மாதிரி ஆகிவிட்டன. மற்ற ஆறில், மெழுகு எட்டாத கழுத்துப் பகுதியில் மட்டும் லேசான கறை.

அதனால் இந்த இடத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் பை துருவைத் தடுக்காது. அது உளியின் கூர்மையைக் காப்பாற்றும், கையைக் காப்பாற்றும், ஒரு உளி இன்னொன்றோடு மோதாமல் காப்பாற்றும். துரு பற்றி அது செய்கிற உதவி ஒன்றே ஒன்று: நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு வெயில் வந்த முதல் நாள் மொட்டைமாடியில் விரித்துப் போட்டேன், சாயங்காலத்துக்குள் மொடமொட என்று ஆகிவிட்டது. துளைபோடும் பிட்டுகள் வைத்திருந்த ரெக்சின் பையில் ஒரு வாரம் கழித்தும் அடியில் தண்ணீர் நின்றது. பிட்டுகளை எடைக்குப் போட வேண்டியதாயிற்று.

துருவுக்கு எண்ணெய்தான் வழி, எந்த எண்ணெய் என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. இரும்புப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசி, கடல் காற்று நேராக வருகிற ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பூசாத துண்டு இரண்டாம் நாளே சிவந்தது. தேங்காய் எண்ணெய் நன்றாகவே தாங்கியது, ஆனால் மாதக்கணக்கில் விட்டால் மஞ்சளாகப் பிசுபிசுக்கிறது, கரப்பானும் தேடி வருகிறது. டபிள்யூ.டி. 40 என்கிற ஸ்ப்ரே பற்றி ஒரு வார்த்தை. அதன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: டபிள்யூ.டி. என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட். தண்ணீரை விரட்டுவதற்காக 1953-இல் முயன்றதில் நாற்பதாவது கலவை அது. நனைந்த உளியிலிருந்து ஈரத்தை எடுக்க அதைவிட நல்லது என்னிடம் இல்லை, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு டப்பா முழுக்கக் காலி செய்தேன். ஆனால் அது விட்டுப்போகிற படலம் மெல்லியது, மாதக்கணக்கில் வைக்க அதை நம்பக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு வாரம் தாங்கியது. தையல் மெஷின் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கிக் கலந்து களிம்பாக்கினது மழைக்காலம் முழுவதும் தாங்கியது. இப்போது எனக்கு அதுதான்.

தினசரி உபயோகத்துக்கு ஒரு சின்னத் தகர டப்பாவில் பழைய வேட்டித் துண்டைச் சுருட்டித் திணித்து, தையல் மெஷின் எண்ணெய் ஊற்றி மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் உளியின் இரண்டு பக்கத்தையும் அதில் ஒரு இழுப்பு. நம் விரல் வியர்வையே உப்புத் தண்ணீர்தான். மதியம் வெறும் கையால் பிடித்த இடத்தில் மறுநாள் ரேகை தெரிகிற மாதிரி துரு பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இருக்கும்போது உளிகளைச் சுருட்டுப் பையில் வைப்பதை இப்போது நிறுத்திவிட்டேன். பை வெளியே வேலைக்குப் போகும்போது மட்டும். வீட்டில் ஒரு பழைய சுவர் அலமாரி. உள்ளே தேக்குக் கட்டையில் காடி வெட்டி உளிகளை நட்டமாக நிறுத்தியிருக்கிறேன், ஒன்றை ஒன்று தொடாது, வாய் எதன் மேலும் படாது. அலமாரி அடியில், கம்பிக் கூண்டுக்குள், 15 வாட் பழைய மஞ்சள் பல்பு ஒன்று இரவு பகலாக எரிகிறது. எலக்ட்ரிகல் பேனல்களுக்குள் ஈரம் கோக்காமல் இருக்க சின்ன ஹீட்டர் வைப்பார்கள், அதே கணக்கு. 28 டிகிரியில் 85 சதவீதம் ஈரப்பதம் இருக்கிற காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுக்காமலேயே ஈரப்பதம் 64 சதவீதமாக இறங்கிவிடும். மாதம் 11 யூனிட் கரண்ட். எல்.இ.டி. பல்பில் சூடு போதாது. இதைச் செய்கிறவர்கள் பல்பைச் சுற்றி மரத்தூளோ எண்ணெய்த் துணியோ வராதபடி கூண்டு போடாமல் செய்ய வேண்டாம்.

பல்பை மாட்டி, அலமாரிக் கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் கழித்துக் கையை உள்ளே விட்டபோதுதான் பெரியப்பாவின் பரண் நினைவுக்கு வந்தது. அந்த இளஞ்சூடு அப்படியே அடுப்படிப் பரணின் சூடு. விறகடுப்புக்கு மேலே, புகையும் சூடும் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிற இடம். காற்றோடுகிற ஓலைப்பெட்டி, ஈரம் குடித்து ஈரம் விடுகிற வேட்டித் துணி. நான் 2,400 ரூபாய் கொடுத்து இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு அங்கேயே வந்து நிற்கிறேன். அந்தப் பெட்டியை இப்போது தேடுகிறேன், கிடைக்கவில்லை.

இனி குறைகள். மேல் மடிப்பு முதலில் நாலு அங்குலம்தான் இருந்தது. பைக்கில் மாட்டிக்கொண்டு போகும்போது பை தலைகீழாகப் புரண்டால் சின்ன உளிகள் வழுக்கி வெளியே வந்தன. திரும்பப் போய்ச் சொன்னேன், எட்டு அங்குலமாக மாற்றிக் கொடுத்தார், 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். பருத்தி நாடா நாளாவட்டத்தில் வழவழப்பாகி முடிச்சு நிற்கவில்லை, இப்போது பெல்ட் பக்கிள் மாட்டியிருக்கிறேன்.

பெரிய குறை இதுதான். நைலான் பட்டையை அடியில் ஓட்டமாகத் தைத்ததால் அறையின் அடி முழுசாக அடைபட்டுவிட்டது. உளியோடு ஒட்டிக்கொண்டு போகிற மரத்தூள் அங்கே சேர்கிறது. மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பஞ்சு. அறையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறலாம் என்றால் பட்டை விறைப்பாக இருப்பதால் திரும்பாது. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் கால் அங்குல உளியின் வாயில் மட்டும் துரு வந்தபோதுதான் கண்டுபிடித்தேன், அந்த அறைக்குள் ஒரு தேக்கரண்டித் தூள் ஈரமாக இறுகிக் கிடந்தது. இப்போது மாதம் ஒரு முறை சைக்கிள் பம்ப்பால் ஒவ்வொரு அறையிலும் காற்று அடிக்கிறேன். போதுமானதாக இருக்கிறது, ஆனால் தைக்கும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

செலவு: துணி 380, பட்டையும் நாடாவும் 120, தையல் கூலி 350. மொத்தம் 850 ரூபாய், 2023 விலை. மூன்று நாளில் தருகிறேன் என்று சொல்லி ஆறாவது நாள் கொடுத்தார். இடையில் ஒரு தோணிக்கு மூடாப்பு தைக்க வேண்டி வந்துவிட்டதாம். தையலில் ஒரு இழைகூட இதுவரை விடவில்லை.

தினமும் வெளியிடத்தில் போய் வேலை செய்கிற ஆசாரிகளுக்கும், என்னைப் போல நல்ல உளி பத்துக்குள் வைத்திருக்கிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் ஊரிலும் தார்பாலின் தைக்கிற கடை ஒன்று இருக்கும். உளியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அளவைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போனால் சரியாக வராது. ரம்பத்துக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் குழாயை நீளவாக்கில் கீறிப் பல் மேல் மாட்டினால் போதும். இழைப்புளிக்குச் சுருட்டுப் பை ஆகாது. அதைத் தனித்தனியாகப் பழைய சாக்ஸில் போட்டு, தகட்டை உள்ளே இழுத்துவிட்டு வைக்கிறேன்.

போன வாரம் இரண்டாவது பைக்குச் சொல்லியிருக்கிறேன். தம்பி மகன் ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறான், அவனுக்கு. ஆறு அறை, அதே கோரா கேன்வாஸ், அதே நைலான் பட்டை. மேல் மடிப்பு எட்டு அங்குலம். ஒவ்வொரு அறையின் அடிமூலையிலும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் தைக்காமல் ஓட்டை விடச் சொன்னேன். எதுக்கு அண்ணாச்சி என்று கேட்டார். தூள் கொட்டுவதற்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த என் பழைய பையை எடுத்து, அதன் மூலைகளிலும் தையலைப் பிரித்து நான்கு மூலையில் பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். மீதி அறைகளுக்கு வளையம் வந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.